ஒலேனாவை நிறுத்தச் சொல்ல மாட்டேன்

என் மகன் சேவியருக்கு,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உன் போன் வந்துவிட்டது. எப்போதும் "சாப்டியாம்மா" என்று தொடங்குகிறவன் அன்றைக்குக் கேட்கவில்லை. "அம்மா, ஒலேனா தோத்துட்டா. செலக்‌ஷன்ல ரெண்டாவது ஆட்டத்துலயே வெளிய வந்துட்டா. டீம்ல பேர் இல்ல" என்றாய். ஐயோ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாய். "இதாம்மா சமயம். நான் சொன்னா சண்டையாவுது. நீ சொன்னா கேப்பா. உங்க ரெண்டு பேர் பிரெஞ்சுல பக்குவமா எடுத்துச் சொல்லு. ஆடுனது போதும், என் படிப்பு முடிஞ்சதும் என்கூட பாண்டிக்கு வந்துடச் சொல்லு." யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்துவிட்டேன். சொல்ல மாட்டேன்.

போனில் இதைப் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், பிறகு நீ அம்மா அம்மா என்று இழுப்பாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டாம். உன் பெண்டாட்டிக்கு வரி வரியாக அவள் பாஷையில் படித்துக் காட்டு. அறையில் உன்னோடு இருந்த பையன்களுக்கும் காட்டு. இங்கே உன் மதலேன் அத்தைக்கு நானே படித்துக் காட்டத்தான் போகிறேன். மகன் வீட்டு விஷயத்தில் தாய் தலையிடுகிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். என்னைத் தலையிடச் சொல்லிக் கூப்பிட்டவன் நீ.

முதலில் நீ எங்களுக்கு அவளை எப்படிக் காட்டினாய் என்பதிலிருந்து தொடங்குகிறேன். டாக்டருக்குப் படிக்கக் கார்கிவ் போனவன், நாலாவது வருஷம் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று எழுதி ஒரு போட்டோ அனுப்பினாய். ஆற்றங்கரையில் பூப்போட்ட கவுனில், தொப்பி வைத்துக்கொண்டு சிரிக்கிற பெண். "ஸ்போர்ட்ஸ் எல்லாம் பண்ணுவா" என்று ஒரே வரி. பாட்மின்டன் ஆடுகிற பெண் போலிருக்கிறது என்று நானும் உங்கப்பாவும் நினைத்துக்கொண்டோம். பிறகு ஒருநாள் அவருக்கு ஆர்வம் தாங்காமல் நெல்லித்தோப்பு பிரவுசிங் சென்டருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒற்றை விரலால் அவள் பேரைத் தட்டினார். ஒரு நிமிஷத்தில் திரை முழுக்க அவள்தான். ஒரு படத்தில் அவள் கால் எதிரே நிற்கிற பெண்ணின் காதுக்கு மேலே இருக்கிறது. இன்னொன்றில் நீலப் பெல்ட் கட்டிக்கொண்டு, மூக்குக்குக் கீழே கோடாக ரத்தம், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாயைத் திறந்து கத்துகிறாள். அவர்கள் நாட்டுப் பத்திரிகை ஒன்றின் அட்டையில்கூட இருந்தாள். உயரம், எடை, கராத்தேயில் அறுபது கிலோவுக்கு உட்பட்ட பிரிவு, எந்தெந்த ஊரில் என்னென்ன மெடல் என்று ஒரு பக்கம் நிறைய இருந்தது. மின்துறையில் காலமெல்லாம் மீட்டர் பார்த்த பழக்கத்தில் உங்கப்பா அதை அப்படியே ராகமாகப் படித்தார். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம பையன் சொன்ன பொண்ணு இவதானா, இல்ல அதே பேர்ல வேற ஒருத்தியா?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது தோன்றியதையும் மறைக்காமல் சொல்கிறேன். மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் கடை போட்டு இத்தனை வருஷமாக இந்த ஊர் மணப்பெண்களுக்குக் கவுன் தைக்கிறவள் நான். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கண் முதலில் தோளுக்குத்தான் போகும். இந்தத் தோளுக்கு என்ன கவுன் தைப்பது என்றுதான் முதலில் திகைத்தேன். அடுத்து, இவள் என் பிள்ளையை என்ன பாடு படுத்துவாளோ என்று நினைத்தேன். இவள் பேரும் படமும் உலகத்துக்கே தெரிந்திருக்கும்போது, பெற்றவர்களிடம் மட்டும் நீ ஏன் தொப்பி வைத்த படத்தைக் காட்டினாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெட்கப்படுகிறாய் என்று விட்டுவிட்டேன்.

குளிர்கால லீவில் கல்யாணத்துக்காக அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். வாசலில் வரவேற்க நின்ற மதலேன் அத்தையின் கையை அவள் பிடித்துக் குலுக்கினாள். அத்தை உள்ளே வந்து விரலை நீவிக்கொண்டே, "மோன் தியே, கடவுளே, இது பொண்ணா, போலீசா?" என்று கேட்டாள். மறுநாள் விடியும்போதே கடற்கரைச் சாலையில் ஓட வேண்டும் என்றாள் ஒலேனா. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஊர் தெரியாத பெண் தனியாகப் போகக் கூடாது என்று உங்கப்பா குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே போனார். அவள் காந்தி சிலைக்கும் பழைய துறைமுகத்துக்குமாக ஓடிக்கொண்டே இருக்க, இவர் மூச்சு வாங்க மிதித்திருக்கிறார். நடக்க வந்தவர்கள் எல்லாம் யார் சார் இது என்று கேட்டார்களாம். "மருமக" என்று சொல்லி வாய் வலித்துவிட்டது என்று வந்து காபி கேட்டார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் போகாமல் இருக்கவில்லை.

அளவெடுக்க அவளைக் கடைக்குக் கூட்டிப் போன அன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு கிடைத்தது. உனக்கும் அவளுக்கும் ருஷ்ய பாஷை இருந்தது. அது எனக்குத் தெரியாது. என் இங்கிலீஷும் அவள் இங்கிலீஷும் கால் நொண்டி. நாடாவைத் தோளில் வைத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் பிரெஞ்சில் "நேராக நில்" என்று சொல்லிவிட்டேன். அவள் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிரான்சில் ஒரு கிளப்பில் ஒரு வருஷம் தங்கிப் பயிற்சி எடுத்திருக்கிறாளாம். எனக்கு அந்த பாஷை கன்னியாஸ்திரிகளின் தையல் வகுப்பில் வந்தது. ஆக, என் பிரெஞ்சில் துணியும் நூலும் இருந்தன, அவள் பிரெஞ்சில் அடியும் தடுப்பும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நாங்கள் பேசினோம். உன்னைச் சின்ன வயதில் இங்கிலீஷ் பள்ளியில் போட்டதால் அந்தப் பேச்சு எதுவும் உனக்குப் புரியவில்லை. புரியாமல் போனது நல்லதுதான்.

மேல்கையில் ஒரு கன்றல், விலாவில் ஒரு தழும்பு, முன்கையில் எலும்பு கூடிய இடத்தில் ஒரு மேடு. நான் நாடாவை வைத்த இடமெல்லாம் ஏதோ ஒன்று இருந்தது. யார் அடித்தது என்று பதறிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்து, "துருக்கி", "இத்தாலி", "எங்க ஊர்லயே, பிராக்டிஸ்ல" என்று சொன்னாள். பாத்திரக் கடையில் வாங்கிய சாமானைக் காட்டுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கவுனுக்குக் கை எப்படி வைக்கட்டும் என்று நான் கேட்டதற்கு, இதையெல்லாம் மறைக்கிற மாதிரி நீளமாக வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றாள். அன்றைக்கே எனக்கு அவள்மேல் இருந்த பயம் போய்விட்டது.

பிறகு பேப்பரில் வந்தது. உக்ரைன் கராத்தே வீராங்கனை புதுவை மருமகளாகிறார் என்று மாலைப் பத்திரிகையில் கால் பக்கம். அதைப் பார்த்த நம் தெருப் பையன்கள் இன்டர்நெட்டிலிருந்து அவள் உதைக்கிற படத்தை எடுத்து முனையில் பெரிய பேனர் கட்டிவிட்டார்கள். மேலே அவள், கீழே மூலையில் பாஸ்போர்ட் அளவில் நீ. டீக்கடையில் யாரோ, "இன்னா டாக்டரே, கல்யாணத்துக்கு அப்புறம் நீ வாயத் தொறப்பியா?" என்று கேட்டானாம். அங்கே நீயும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாய். வீட்டுக்குள் வந்ததும் முகம் மாறிப்போயிற்று. பேனரைக் கழற்றச் சொன்னாய். அதுகூடப் பரவாயில்லை. இன்டர்நெட்டில் அவள் பேரில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். அவள் ஊர்ச் சிறுமிகள் அதில் கேள்வி கேட்பார்கள், இவள் உட்கார்ந்து பதில் எழுதுவாள். எங்கள் ஊரில் தப்பாகப் பேசுவார்கள் என்று சொல்லி அதை மூட வைத்தாய். நம் ஊரில் யாரும் தப்பாகப் பேசவில்லை, சேவியர். ஒருவன் கிண்டல் செய்தான், அவ்வளவுதான். பூக்காரி என்னிடம், "உன் மருமவ கால் எவ்ளோ ஒசரம் போவுது" என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அதை நீ கேட்கவில்லை.

நான் பிள்ளைப் பிராயத்தில் படித்த பெண்கள் பள்ளியிலிருந்து விளையாட்டு டீச்சர் வந்து கேட்டது உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு ஒருமணி நேரம் கராத்தே செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். அவளுக்குத் தலைவலி, வரமாட்டாள் என்று அவரிடம் போனில் சொன்னாய். அந்த நேரத்தில் அவள் என் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் நேரே கடைக்கு வந்து, "தலவலி எப்படி இருக்கு" என்று விசாரித்தார். நான் அவளிடம் கேட்டேன். யாருக்குத் தலைவலி என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். விஷயம் புரிந்ததும் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு எழுந்து, "மமான், என்னை நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். அம்மா என்பதைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவாள். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, என் கைனடிக் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய ஒரு கவுன் பாதியில் கிடந்தது, அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

ஹால் முழுக்கப் பெண் பிள்ளைகள். ஜன்னல் கம்பியிலும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் கராத்தே மாஸ்டர் ஒருவரையும் கூப்பிட்டிருந்தார்கள், அவளுக்கு எதிரே நிற்க. பெண்பிள்ளை, அதுவும் கல்யாணப் பெண் என்று அவர் மெதுவாகக் கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டி, நிஜமாக வாருங்கள் என்று சைகை காட்டினாள். அவர் நிஜமாகவே வந்தார். இரண்டு முறை அவள் விலகிக்கொண்டாள், மூன்றாவது முறை என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கை வந்தது, இவள் அங்கே இல்லை, இவள் முஷ்டி அவர் தாடையில் ஈ உட்கார்ந்த மாதிரி தொட்டுக்கொண்டு நின்றது. தொட்டதோடு சரி, அடிக்கவில்லை. அவர் சிரித்துவிட்டுக் குனிந்து வணங்கினார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூரை ஓடு அதிர்ந்தது. ஜெயிப்பது அடித்து வீழ்த்துவதில் இல்லை, முழு வேகத்தில் போய்த் தோலைத் தொடும் இடத்தில் நிறுத்துகிறவளுக்குத்தான் புள்ளி என்று அவள் விளக்கினாள். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

கடைசியில் கேள்வி நேரம். முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி எழுந்து, "அக்கா, கல்யாணத்துக்கு அப்புறமும் சண்ட போடுவீங்களா?" என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். அவ்வளவு நேரம் பட்டென்று பதில் சொன்னவள், நின்றாள். என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது" என்று பிரெஞ்சில் சொன்னாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். எதிரே அத்தனை பிள்ளைகளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மைக்கில், "போடுவேன்னு சொல்றாங்க" என்றேன். கைதட்டல் எழுந்ததும் ஒலேனா என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிருபர் ஒருவர் அங்கே இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். மறுநாள் சாயங்காலம் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு நீ வீட்டுக்கு வந்தது கண்ணிலேயே இருக்கிறது.

"யாரக் கேட்டும்மா இதச் சொன்ன?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சி. சொன்னேன்."

"அவ தெரியாதுன்னு சொன்னாளாம். என்கிட்ட அவளே சொல்லிட்டா. நீ ஏன் மாத்திச் சொன்ன?"

"ஏன்னா அவளுக்குத் தெரியும். உன்ன நெனச்சிதான் வாய மூடிகினா."

"ஒலிம்பிக்ஸ்லகூட இல்லாத கேம்மா இது! எத்தன நாளைக்கு ஆட முடியும்? கைய ஒடச்சிக்குவா, மூஞ்சிய ஒடச்சிக்குவா. நாளைக்கு நான் இங்க கிளினிக் போட்டு உக்காந்தா, டாக்டர் சம்சாரம் மூக்குல கட்டு போட்டுகினு நிக்கணுமா?"

சாய்வு நாற்காலியிலிருந்து உங்கப்பா தலையைத் தூக்காமல், "நின்னா இன்னா? கட்டுப் போட டாக்டரு வூட்லயே இருக்கான்" என்றார். உனக்கு அது இன்னும் எரிச்சலாகிவிட்டது. நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் மேடையேறிச் சண்டை போட்டதில்லை என்று மதலேன் அத்தை ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒலேனா அறை வாசலில் வந்து நின்றாள். உன்னிடம் ருஷ்ய பாஷையில் ஏதோ கேட்டாள். நீ ஏதோ சொன்னாய். அவள் ரொம்பச் சின்னதாக ஒன்று சொன்னாள், நாலு வார்த்தைகூட இருக்காது. நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அந்த வார்த்தை என்ன என்று நான் அவளைக் கேட்கவில்லை, உன்னையும் கேட்கப் போவதில்லை.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போதே அவள் வந்துவிட்டாள். கவுன் பொம்மைமேல் மாட்டியிருந்தது. ஒரு கை வைத்துத் தைத்தாயிற்று, இன்னொரு கை குண்டூசியில் நின்றது. "மமான், இதை முடிக்கலாமா, வேண்டாமா, எனக்குத் தெரியல" என்றாள். ஆட்டத்தை விடச் சொன்னால் தன்னால் இந்த ஊரில் இருக்க முடியாது, போய்விடுவேன் என்றாள். அழவில்லை. நான் அவளை உட்கார வைத்துவிட்டு, எதற்காக இதை ஆட ஆரம்பித்தாய் என்று கேட்டேன். சின்ன வயதில் அவள் ஊரில் குளிர்காலத்தில் கரண்ட் போய்விடுமாம், வீட்டில் கணப்பு இருக்காதாம். பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு அறையில் கராத்தே சொல்லிக்கொடுப்பார்களாம், அங்கே ஓடி ஆடினால் உடம்பு சூடாகுமாம். அதற்காகத்தான் முதலில் போயிருக்கிறாள். "அப்புறம் பார்த்தேன், அந்தச் சில நிமிஷம் மட்டும் எனக்கு எதைப் பார்த்தும் பயமே இல்லை" என்றாள்.

உன்னைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னாள். அவள் மூக்கெலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ தட்டு பிடித்துக்கொண்டு நின்ற மாணவனாம். எலும்பை நேராக்கும்போது அவள் அழவில்லை, நீ அழுதாயாம். அதனால்தான் உன்னைப் பிடித்தது என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் ஆடி நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஹாலுக்கு வெளியே நடையில் நிற்பாய், முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு வருவாய். "ஹாலை விட்டு வெளியே வர்ற ஒலேனாமேல அவனுக்கு உயிர். உள்ளே இருக்கிறவளை அவனுக்குத் தெரியவே தெரியாது, மமான்." இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சில் தைத்தது. அதுவரை உனக்கு ஊர் கிண்டல்தான் உறுத்துகிறது, அவள் பேர் பெரிதாகவும் உன் பேர் சின்னதாகவும் போட்டதுதான் உறுத்துகிறது என்று நினைத்திருந்தேன். அதுவும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொல்லாதே. ஆனால் அவள்மேல் விழுகிற அடியை உன்னால் பார்க்க முடியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பேனரில் இருந்ததும், பேப்பரில் வந்ததும், அந்த இன்டர்நெட் பக்கமும் எல்லாமே நீ பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒலேனா.

கல்யாணம் வேண்டுமா என்று கேட்டேன். "வேணும். அவன் வேணும். இதுவும் வேணும்" என்றாள். அப்படியானால் கையைத் தூக்கு என்று சொல்லி, பொம்மையிலிருந்து கவுனைக் கழற்றி அவளுக்கு மாட்டி, தோளில் இழுக்கிறதா என்று பார்த்தேன். இழுத்தது. பிரித்து, கக்கத்தில் ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் நீ வந்தாய். அவள் எழுந்து போன அதே ஸ்டூலில் உட்கார்ந்தாய்.

"அவ போயிடுவாளாம்மா?"

"போவா."

"நீ இன்னா சொன்ன?"

"கை தூக்குனா தோள்ல இழுக்குதான்னு கேட்டேன்."

உனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா. அவ இஷ்டம். ஆடட்டும்" என்றாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையை நம்பித்தான் மறுநாள் பூராவும் உட்கார்ந்து கவுனை முடித்தேன். கோயிலில் நீங்கள் இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு வேறு எந்தக் கவலையும் இருக்கவில்லை. விருந்தில் அவள் உங்கப்பாவையும் இழுத்து ஆடவிட்டதும், மதலேன் அத்தை கைகுலுக்க வந்தவள் யோசித்துவிட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுத்ததும் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஆட்டத்தில் தோற்றாள், நீ அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். அவள் ஜெயித்திருந்தால் இதை நீ என்னிடம் கேட்டிருப்பாயா? டீமில் பேர் வந்திருந்தால் வாயைத் திறந்திருப்பாயா? தோற்றதால் கேட்கிறாய். அவள் துவண்டு கிடக்கிற நேரம் பார்த்து, அவள் மதிக்கிற ஒருத்தியைக் கொண்டு சொல்ல வைக்கிறாய். இந்தக் காரியத்தை என் பிள்ளை செய்யக்கூடாது. அவளுக்கு எதிரே நிற்கிற எந்தப் பெண்ணும் முகத்துக்கு நேரே வந்துதான் அடிக்கிறாள்.

உன் போன் வந்த மறுநாள் நான் அவளோடு பேசினேன். எஸ்.டி.டி. பூத்தில் போய், நீ வார்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். எடுத்ததும், "தோத்துட்டேன் மமான்" என்றாள். தெரியும் என்றேன். "சேவியர் உங்களை ஏதோ சொல்லச் சொல்லியிருப்பான்" என்றாள். அவளிடம் உன்னால் எதையும் ஒளிக்க முடியாது, அதைத் தெரிந்துகொள். ஆமாம், நிறுத்தச் சொல்லச் சொன்னான் என்றேன். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு பேச ஆரம்பித்தாள். எதிரே ஆடியது சின்னப் பெண்ணாம், நல்ல வேகமாம். அவள் உதைக்கப் போகிறாள் என்பது இவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதாம். தெரிந்தும் இடது கால் ஒரு இமைப்பொழுது தாமதமாக நகர்ந்ததாம். அந்த இடது காலை அவள் திட்டியதைக் கேட்டிருக்க வேண்டும். அந்தத் திட்டில் பாதியைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போதவில்லை. நிறுத்தப் போகிறவள் தன் இடது காலைப் பற்றி இப்படிப் பேச மாட்டாள், சேவியர். தோற்றுவிட்டு உடனே கோச்சிடம் போய் எப்போது மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை என்று அவர் சொல்லியிருக்கிறார். உன்னிடம் இதை அவள் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீ முகத்தைத் திருப்புவாய் என்று காத்திருக்கிறாள். அவள் சார்பில் நான் சொல்லிவிட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் ஊருக்கு வா. இங்கே எழுத வேண்டிய பரீட்சைக்கு உட்கார்ந்து படி. அவள் அடுத்த தேர்வுவரை அங்கே இருக்கட்டும். ஒரு வருஷம் தனித்தனியாக இருந்தால் அறுந்துபோகிற கல்யாணம் என்றால், கூடவே இருந்தாலும் அறுந்துபோகும். கல்யாணம் ஆனவன் தனியாக வந்திருக்கிறானே என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், உன் அத்தை உட்பட. அவளாக ஒருநாள் போதும் என்று சொன்னால், பெட்டியைக் கட்டு, வா என்று முதலில் சொல்பவள் நானாக இருப்பேன். அது அவள் வாயிலிருந்து வர வேண்டும். நீயும் வாங்கக்கூடாது, நானும் வாங்கித் தரக்கூடாது. அப்புறம் அந்த இன்டர்நெட் பக்கம். மூட வைத்தவன் நீ, மறுபடி திறக்கச் சொல்ல வேண்டியவனும் நீதான். அக்கா எங்கே போனாங்க என்று அந்தப் பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். தோற்றதையும் அதில் எழுதட்டும். எப்படித் தோற்றேன், இடது கால் என்ன செய்தது என்று எழுதினால், அங்கே குளிரில் ஆடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சிறுமிக்கு அது உதவும்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் உங்கள் ஊரிலேயே கிளப்புகளுக்குள் ஒரு சின்னப் போட்டி இருக்கிறதாம். மெடலுக்கு மதிப்பில்லை, பேப்பரிலும் வராது, காலைப் பழக்க ஆடப்போகிறாள். அன்றைக்கு நீ நடையில் நிற்காதே. உள்ளே போய் முன்பெஞ்சில் உட்கார். கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பள்ளி ஹாலில் மாஸ்டரின் கை முதல்முறை அவள் முகத்துக்கு நேரே வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளை மகள் என்று நினைத்த யாராலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் கண்ணைத் திறந்தபோது அவள் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இன்னும் வா என்று கையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை. உன் பெண்டாட்டி அவள், நீ பார்க்காமல் நான் பார்த்திருக்கிறேன். அது நியாயமில்லை.

முடிந்ததும் போன் பண்ணு. உங்கப்பா ரிசீவரைப் பிடுங்கி எத்தனை புள்ளி, எந்தக் கால் என்று கேட்பார், அவருக்கு விவரமாகச் சொல். பிறகு போனை அவளிடம் கொடு. நீ உள்ளே உட்கார்ந்திருந்தாய் என்று எனக்கு அவள் வாயால் கேட்க வேண்டும்.

அம்மா